எலும்பில் ஒன்றும் இல்லை

தை பிறந்தால் என் கிளினிக்கில் முட்டிகள் வந்து குவியும். பொங்கலை ஒட்டிச் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒரு கபடிப் போட்டி நடக்கும். சனிக்கிழமை ஒருவர் காலை ஒருவர் பிடித்து இழுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சியில் என் வாசல் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுக்கு முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கும். இன்னொருவனுக்குக் கணுக்கால் பிசகியிருக்கும். கைப்பந்து ஆடுகிறவன் தோளைப் பிடித்துக்கொண்டு வருவான். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், அடுத்த வாரம் மேட்ச் இருக்குது, எறங்கலாமா?"

நான் எலும்பு மருத்துவன். எங்கள் ஊரில் எலும்பு மருத்துவனுக்கு மரியாதை அவன் கையில் இல்லை, எக்ஸ்ரே படத்தில் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் முட்டியை மடக்கி, இழுத்து, தள்ளிப் பார்த்துவிட்டு "படம் தேவையில்லை" என்பேன். "இன்னா சார், படம்கூட எடுக்காம அனுப்புறீங்க?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் படம் எடுப்பார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் மாறிக்கொண்டேன். கூட்டம் ஜாஸ்தியான நாட்களில் படம் எடுத்த பிறகுதான் ஆளே என் அறைக்குள் வரவேண்டும் என்று ஏற்பாடு. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எலும்புல ஒண்ணும் இல்ல" என்று நான் சொன்னதும் மொத்தக் குடும்பத்துக்கும் முகம் மலரும்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்வதுதான் எனக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் அடிபட்டால் இரண்டே வகை. எலும்பு உடைந்தால் ஆஸ்பத்திரி. உடையவில்லை என்றால் அது சுளுக்கு. சுளுக்கு எடுக்க ரெட்டைப் பிள்ளை பெற்றவள் வேண்டும், இல்லையென்றால் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவன் வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், நானே கால் முன்னால் வந்து பிறந்தவன். எட்டாம் வகுப்பு வரைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேரின் இடுப்பை மிதித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள், மூன்று மிதி மிதித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நான் எலும்பு மருத்துவம் படிக்கப் போனபோது ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இருக்கிற தொழிலைத்தானே பெரிதாகச் செய்யப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

டாக்டரான பிறகு எனக்கு அந்தச் சுளுக்கு எடுப்பவர்களைக் கண்டாலே எரிச்சல். ஜவ்வு கிழிந்த முட்டியைத் தேய்த்துப் பூசணிக்காயாக்கி அனுப்புவார்கள். முழங்கையை உருவி உருவி மடக்கவே முடியாமல் செய்துவிடுவார்கள். எண்ணெய் வாசனையோடு ஒரு கால் என் அறைக்குள் வந்தால் போதும், அந்த வீட்டாரை நான் திட்டுகிற திட்டு வாசல் பெஞ்சு வரை கேட்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு வரை, அப்படித் திட்டுவதற்கு எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பதினாறு வயது. கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. கூட வந்தவர் அவளுடைய பி.டி. மிஸ், திருக்கோவிலூர்க்காரர். கள்ளக்குறிச்சியில் நடந்த ஒன்பதரை மணி ஆட்டத்தில் இவள் கபடி பாடிப் போனபோது, எதிரணிப் பெண்ணின் முட்டி முழு வேகத்தில் வந்து இவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்கச் சதையில் இடித்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. மலையிலிருந்து அதுவரைக்கும் ஒரு பெண்ணும் அந்த அணிக்குப் போனதில்லை, இவள் நிச்சயம் போவாள் என்று மிஸ் சொன்னார். அந்தக் கால் அடுத்த வாரத்துக்குள் சரியாக வேண்டும், வேறு ஒன்றும் அவர்களுக்குத் தேவையில்லை.

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். படத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தேன். கணைக்கால் எலும்பு, பக்கத்து எலும்பு, முட்டி, கணுக்கால் எல்லாம் கோடு போட்டதுபோல் சுத்தமாக இருந்தன.

"எலும்புல ஒண்ணும் இல்ல. அடிபட்ட வீக்கம்தான். அஞ்சு நாள் ரெஸ்ட்டு எடுக்கட்டும், சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

"உள்ளார வலிக்குது சார்," என்றாள் அந்தப் பெண். "வெளிய வலிக்கல, உள்ளார."

"அடிபட்டா வலிக்கத்தான் செய்யும். கபடி ஆடுற புள்ள, இதுக்குப் போயி கண்ணுல தண்ணி வுடலாமா?"

மிஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வலி மாத்திரை எழுதினேன். நர்ஸ் வந்து கணுக்காலிலிருந்து முட்டி வரைக்கும் கிரேப் பேண்டேஜ் சுற்றினார். மலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்கள். மொத்தமாக நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் போன் அடித்தது. மணி இரண்டரை. பி.டி. மிஸ்தான். பின்னால் யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள்.

"சார், புள்ள வலி தாங்காம கத்திக்கினே இருக்குது சார். நீங்க குடுத்த மாத்திர ரெண்டு போட்டாச்சு, கொஞ்சம்கூட கேக்கல. மணிக்கு மணி ஜாஸ்தியாதான் ஆவுது."

எழுந்து உட்கார்ந்தேன். "அந்தக் காலு பெருவிரல லேசா கீழ்ப்பக்கமா மடக்குங்க. ரொம்ப வேணாம், லேசா."

விரலைத் தொட்டதும் போனுக்குள்ளிருந்து வந்த அலறலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

விரலை அசைத்தால் காலில் உயிர் போகிற வலி வருவதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே சதையெல்லாம் நீளாத உறைகளுக்குள் இருக்கிறது. அடிபட்ட சதை உள்ளேயே வீங்கும், உறை விரிந்து கொடுக்காது. ஒரு கட்டத்தில் அந்த அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை சாக ஆரம்பிக்கும். எலும்பு முறியாமலும் இது வரும், அபூர்வமாக. ஆறு மணி நேரம் போனால் ஆபத்து, எட்டு மணி நேரம் போனால் அந்தச் சதை திரும்பாது. அதன்பின் பாதத்தைத் தூக்க முடியாது. கபடியை விடுங்கள், செருப்பு தரையில் உரசாமல் நடக்க முடியாது. அடிபட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அழுத்தம் எப்போது ஏறத் தொடங்கியது என்பது எனக்குத் தெரியாது.

"உடனே கீழ கூட்டிக்கினு வாங்க. எங்க இருக்கீங்க இப்ப?"

"சுளுக்கு எடுக்கறவங்க வூட்டாண்ட சார். நீங்கதான் எலும்புல ஒண்ணும் இல்லன்னீங்களே, அதான் இவங்க அம்மா…"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "சுளுக்கா? எந்த முட்டாள் தேச்சது? மொதல்ல அந்தக் கட்ட அவுருங்க! கால ஒசத்தி வெக்காதீங்க, ஐஸ் வெக்காதீங்க, தண்ணிகூட குடுக்காதீங்க. கட்ட அவுத்தாச்சா? ஹலோ?"

லைன் செத்துப் போயிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நான் சொன்னதில் எதுவரைக்கும் அவர் காதில் விழுந்தது? கட்டை அவிழ்க்கச் சொன்னது விழுந்ததா, நான் கத்தியது மட்டும் விழுந்ததா? நர்ஸைக் கூப்பிட்டு ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னேன். மயக்க மருந்து டாக்டர் சேலத்துக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார், அவரைக் கெஞ்சித் திரும்ப வரவழைத்தேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓட்டினேன்.

வடக்கனந்தல் தாண்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கரும்பு வெட்டுகிற காலம். ரோட்டின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹாரன் அடித்தால் டிரைவருக்குக் கேட்காது, அவன் பாட்டுச் சத்தம் அப்படி. வழியெல்லாம் அந்தச் சுளுக்கு எடுத்தவளை வாய்விட்டுத் திட்டிக்கொண்டு போனேன். வீங்கி இறுகிய சதையை எண்ணெய் போட்டு அமுக்கி உருவினால் என்ன ஆகும்? அந்தக் காலை அவள்தான் கெடுத்தாள் என்று எனக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி ஓர் ஆள் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

கோமுகி அணைக்குப் பக்கத்தில் நிறுத்திக் காத்திருந்தேன். கால் மணி நேரம். மலைப்பாதையில் இறங்கி வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து எழுந்து நின்றேன். கடைசியில், நான் கை காட்டியதும் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்கதவைத் திறந்தேன். நீளவாக்குச் சீட்டில் அந்தப் பெண் அவளுடைய அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்திருந்தது. எதிர்ச் சீட்டில் மிஸ். கீழே, வண்டியின் தரையில் உட்கார்ந்து, வழிப் பள்ளங்களில் குலுங்காமல் அந்தக் காலைத் தன் இரண்டு கையாலும் தாங்கியபடி இன்னொரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணிலெல்லாம் மரவள்ளிக் கொல்லையின் செம்மண்.

"நீதான் சுளுக்கு எடுக்குறவளா?" என்றேன். "ஒரு புள்ளயோட கால நாசம் பண்ணிட்டு, இப்ப புடிச்சிக்கினு வேற வர்றியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலை விடவில்லை.

"சார், அவங்கள திட்டாதீங்க," என்றார் மிஸ். "அவங்க தேய்க்கவே இல்ல சார். கட்ட அவுத்து, தொட்டுப் பாத்தாங்க. பாத்துட்டு, 'இது சுளுக்கு இல்ல, கல்லாட்டம் இருக்குது, நான் கை வெக்க மாட்டேன், ஒடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போங்க'ன்னாங்க. அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் நான் ஒங்களுக்கே போன் பண்ணேன்."

"எண்ணெகூட தடவல சார்," என்றாள் காலைத் தாங்கியிருந்தவள் மெதுவாக.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குனிந்து காலில் கை வைத்தேன். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, அடியில் சதை கட்டையாக இறுகியிருந்தது. பாதத்தில் நாடி துடித்தது. அனுபவமில்லாதவன் அந்தத் துடிப்பை நம்பி ஏமாந்துவிடுவான். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொட்டேன்.

"தெரியுதாம்மா?"

"எங்க தொடுறீங்க சார்?" என்று கேட்டாள்.

நரம்பும் போக ஆரம்பித்திருந்தது. ஜீப்பை என் பின்னாலேயே வரச்சொல்லி, வழி நெடுக ஹாரனில் கையை வைத்தபடி ஓட்டினேன். கிளினிக்கை அடைந்தபோது மணி நாலேகால்.

கையெழுத்து வாங்கப் போன இடத்தில் அவளுடைய அம்மா காகிதத்தைத் தொடவில்லை. ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒல்லியான உடம்பு, அசையாத பார்வை.

"காலைல எலும்புல ஒண்ணும் இல்லன்னீங்க. இப்ப காலக் கிழிக்கணும்ன்றீங்க. இதுல எத நான் நம்பட்டும்?"

விளக்கினேன். "உளுந்த ஒரு துணில இறுக்கி முடிச்சுப் போட்டு தண்ணில ஊற வெச்சா இன்னா ஆவும்? உளுந்து ஊதும், துணி வுடாது. அப்படித்தாம்மா இது. அந்த முடிச்ச அவுக்கத்தான் கிழிக்கணும். இல்லன்னா உள்ள இருக்கறது செத்துடும்."

"காலைல அது தெரியலயா?"

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார், நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார், மயக்க மருந்து டாக்டர் கதவருகில் நின்றிருந்தார். என் வாயிலிருந்து வேறு பதில் வந்தது.

"காலைல நான் அமுக்கிப் பாத்தப்ப மெத்துன்னுதாம்மா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் வீங்கியிருக்குது."

பொய். காலையில் அந்தக் காலை நான் அமுக்கிப் பார்க்கவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த பெண் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வலியில்தான் பார்க்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா அப்போதும் பேனாவை வாங்கவில்லை. இந்த நிற்கிற நேரத்திலேயே கால் போய்விடும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஜீப்பில் காலைத் தாங்கி வந்த சுளுக்கு எடுப்பவள், அந்த ரெட்டைப் பிள்ளைக்காரிதான், சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து, மகளின் நல்ல காலில் முதலில் வைத்தாள், பிறகு அடிபட்ட காலில் வைத்தாள்.

"நீயே தொட்டுப் பாரேன் அண்ணி. நான் இன்னா சொல்றது, சார் இன்னா சொல்றது. ஒன் கை சொல்லுதா இல்லயா?"

அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

காலின் வெளிப்பக்கம் ஒரு கீறல், உள்பக்கம் ஒரு கீறல், இரண்டும் ஒரு ஜாண் நீளத்துக்கு மேல். உறையைத் திறந்ததும் அடைபட்டுக் கிடந்த சதை வெளியே பிதுங்கியது. பின்பக்கத்துச் சதை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்து உயிர் பெற்றது. முன்பக்கத்துச் சதைதான் நாவல்பழ நிறத்தில் கிடந்தது. இடுக்கியால் கிள்ளினால் உயிருள்ள சதை துடிக்க வேண்டும். கிள்ளினேன். அசையவில்லை. செத்ததென்றால் வெட்டி எடுத்துவிட வேண்டும், விட்டால் புழுத்துவிடும். அவசரப்பட்டு எடுத்தாலோ பாதம் போனது போனதுதான். உப்புத்தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டுவிட்டு நின்றேன். ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றேன். சாமி நம்பிக்கை கம்மியான ஆள் நான், அன்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். துணியை எடுத்துவிட்டு மறுபடி கிள்ளினேன். ஓர் ஓரத்தில் மட்டும் லேசாக, மிக லேசாக, சுருங்கியது.

"வுட்டுடலாம் சார்," என்றார் நர்ஸ்.

விட்டேன். காயத்தைத் தைக்காமல் திறந்தபடியே வைத்துக் கட்டினோம். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது நாவல்பழ நிறம் பெரும்பாலும் போயிருந்தது, ஒரு கைப்பிடி அளவு சதையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தைத்து மூடினேன். ஆனால் விரல் அசையவில்லை. காலையும் மாலையும் போய் "தூக்கும்மா" என்பேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கப் பார்ப்பாள். பாதம் தொங்கியபடியே கிடக்கும். அந்த வாரம் முழுவதும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வீட்டில் கேட்டதற்கு வெயில் என்றேன். தை மாதத்தில் என்ன வெயில்?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வார்டுக்குப் போனேன். தேர்வு நடக்கிற நாள். மற்றப் பெண்களை அழைத்துக்கொண்டு மிஸ் போயிருந்தார். அறையில் அம்மாவும் மகளும் மட்டும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, பாதத்தை என் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன்.

"பெருவிரலத் தூக்கு பாப்போம்."

கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி வேர்த்தது. எப்போதும்போல ஒன்றுமில்லை என்று நான் கையை எடுக்கப் போன நேரத்தில், பெருவிரல் தூக்கியது. ஒரு நெல் உயரம் இருக்கும். திரும்ப விழுந்தது. மறுபடி தூக்கினாள்.

என் கண் நிறைந்துவிட்டது. நான் அழுகிற ஆள் இல்லை. "வந்துடுச்சும்மா! நரம்பு உயிரோட இருக்குது. இனிமே ஒவ்வொண்ணா வரும். நல்லா நடப்ப. மெதுமெதுவா ஓடக்கூட ஓடலாம்!" என்று உளறிக்கொண்டே போனேன். அம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார் இல்லன்னா எம்பொண்ணு நொண்டியாயிருக்கும். நீங்க நல்லா இருக்கணும் சார்."

அந்தப் பெண் கும்பிடவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், ஆட்டத்தில் விட்ட புள்ளியைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அன்னிக்கு காலைல அமுக்கிப் பாத்தேன்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்களே சார். நீங்க படத்ததான் பாத்தீங்க. என் கால தொடவே இல்ல."

"ஏய், சார்கிட்ட இன்னா பேசற நீ?" என்று அம்மா அதட்டினார். அதட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் மறுப்பேன் என்று காத்திருந்தார்.

பாதம் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "தொடல."

அவர் எழுந்து வந்தார். மகளின் பாதத்தை என் கையிலிருந்து எடுத்துப் படுக்கையில் வைத்து, போர்வையை இழுத்து மூடினார்.